குடிக்காத பெரியவருக்கும் ஈரல் கெடுவது ஏன்?

ஊரில் ஒரு பெரியவருக்கு வயிறு உப்பி, கால் வீங்கி, கண் மஞ்சளித்துப் போனால், பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, "குடிச்சுக் குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டாரு" என்பதுதான். சாராயம் ஈரலைக் கெடுக்கும் என்பது உண்மையே. ஆனால் வெற்றிலை பாக்கைத் தவிர வேறு பழக்கம் அறியாத தாய்மார்களும் இதே மகோதரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்களே, அதற்கு என்ன சொல்வது? அவர்களில் சிலருடைய இரத்தத்தைப் பரிசோதித்தால் 'ஹெபடைட்டிஸ் சி' என்னும் வைரஸ் கிருமி தெரிய வருகிறது. இருபது, முப்பது வருஷங்களுக்கு முன்னால் அவர்கள் உடம்பில் புகுந்து, சத்தம் போடாமல் ஈரலைத் தின்று வந்த கிருமி அது.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டுகிறோம். வீட்டுப் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் உங்கள் இருவர் கையில்தான் இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த தம்பதிகளுக்கோ இது சொந்தக் காரியமே.

ஈரல் ஏன் முன்கூட்டிச் சொல்வதில்லை?

கல்லீரல் நம் வலது விலாவுக்கு உட்புறம், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது. சாப்பாட்டிலுள்ள கொழுப்பு செரிக்கப் பித்தநீரைச் சுரப்பது, இரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருளைத் தயாரிப்பது, உடம்பில் சேரும் நச்சுப் பொருள்களைக் கழிப்பது, சர்க்கரையைச் சேமித்து வைத்துப் பசி வேளையில் கொடுப்பது என்று இதற்கு ஓயாத வேலை. பாதிக்கு மேல் பழுதான பிறகும் மிச்சத்தை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிவிடும். அதனால்தான் நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. கரையான் அரித்த நிலைக்கதவைப் பார்த்திருப்பீர்கள். வெளியே வர்ணம் பூசினது பூசினபடி இருக்கும். விரலால் அழுத்தும்போதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும்.

தோலில் தீக்காயம் பட்டால் ஆறின இடம் தழும்பாகி இறுகிவிடுகிறது அல்லவா? கிருமி அரிக்க அரிக்க ஈரலிலும் அப்படித்தான் தழும்பு விழுகிறது. தழும்பு ஏறி ஏறி ஈரல் சுருங்கிக் கரடுமுரடாகிப் போவதை 'சிரோசிஸ்' என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். இறுகின ஈரல் வழியாக இரத்தம் ஓட முடியாமல் தேங்கும்போது வயிற்றில் நீர் கட்டுகிறது. உணவுக் குழாயில் நரம்புகள் புடைத்து வெடித்து இரத்த வாந்தி வருகிறது. சிலருக்கு அதே ஈரலில் புற்றுநோயும் உண்டாகிறது.

'சி' கிருமி புகுந்தவர் எல்லோரும் இந்த நிலைக்கு வந்துவிடுவார் என்று பயந்துவிட வேண்டாம். கிருமி புகுந்த 100 பேரில் சுமார் 30 பேருக்கு ஆறு மாதத்துக்குள் அது தானாகவே போய்விடுகிறது. மற்றவர்களுக்கு நிலைத்து விடுகிறது. நிலைத்துவிட்ட 100 பேரில் 15 முதல் 30 பேர் வரை இருபது வருஷத்துக்குள் சிரோசிஸ் அடையலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குடிப்பழக்கம், சர்க்கரை வியாதி, அதிகப் பருமன் இவை கூடச் சேர்ந்தால் சீக்கிரமாகவே வந்துவிடும். வயதாக ஆக ஈரலில் தழும்பு ஏறும் வேகமும் கூடும்.

இன்னொன்று. மஞ்சள் காமாலை என்றாலே ஒரே வியாதி என்று நினைக்கிறோம். அப்படியல்ல. அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருகிற 'ஏ', 'ஈ' காமாலைகள் திடுமென்று வந்து பெரும்பாலும் சில வாரங்களில் இறங்கிவிடும். ('ஈ' வகை கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது.) 'பி'யும் 'சி'யும் இரத்தத்தின் வழியாக வருகிறவை. 'சி' வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது காமாலையே தெரிவதில்லை. "எனக்குத்தான் மஞ்சக்காமாலையே வந்ததில்லையே" என்று பெரியவர் சொன்னால் அதை நம்பி விட்டுவிட முடியாது.

உடம்பில் எப்படிப் புகுந்தது?

இந்தக் கேள்வியில்தான் வீட்டில் மனஸ்தாபமே ஆரம்பிக்கிறது. "என்ன தப்புக்காரியம் பண்ணாங்களோ" என்று ஒருவர் வாய் திறந்துவிட்டால் பெரியவர் அப்புறம் பரிசோதனைக்கே வரமாட்டார். ஆகையால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகிறோம்.

கண்ணாடி ஊசிக் காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஊசியை வெந்நீரில் போட்டெடுத்து, வரிசையில் நின்ற பலருக்கும் அதையே போட்ட காலம் அது. நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அவசரத்தில் வெறுமனே அலசி எடுத்தால் சாகாது. "ஊசி போட்டாத்தான் கேட்கும்" என்று நாமும் சளிக்கும் சோர்வுக்கும் ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டுக் கொண்டோம். மாத்திரையில் தீருகிற காய்ச்சலுக்கு இன்றைக்கும் ஊசிதான் வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

எகிப்து தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள். நைல் நதிக் கால்வாய்த் தண்ணீரில் இறங்கி வேலை செய்யும் உழவர்களுக்கு அங்கே ஒரு புழு நோய் வரும். நத்தையின் வழியாகத் தண்ணீரில் பரவி, மனிதனின் தோலைத் துளைத்து உள்ளே போகிற புழு அது. அதை ஒழிக்க 1950-களிலிருந்து 1980-கள் வரை அரசாங்கமே கிராமம் கிராமமாகப் போய் ஊசி போட்டது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம். ஆனால் ஒரே ஊசிகள் பலருக்குப் பயன்பட்டன. 'சி' கிருமி என்று ஒன்று இருப்பதே அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. விளைவாக, உலகிலேயே 'சி' கிருமி மிகுந்த நாடுகளில் முதல் வரிசைக்கு எகிப்து வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்ட உழவர்கள் செய்த குற்றம் என்ன? அதே எகிப்து பிறகு 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏழே மாதத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேரைப் பரிசோதித்து, கிருமி இருந்தவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது. 'சி'யை ஒழிக்கும் பாதையில் நெடுந்தூரம் வந்துவிட்ட நாடு என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பாராட்டியது.

நம் நாட்டில் இன்னொரு வழியும் இருந்தது. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1989-ல்தான். தானமாக வாங்கும் இரத்தத்தில் 'சி' இருக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும் என்ற விதி இந்தியாவில் 2001-ல் வந்தது. அதற்கு முன்னால் பிரசவத்தில் உதிரப்போக்கு அதிகமாகி இரத்தம் ஏற்றிக்கொண்ட தாய்மார்கள், கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், விபத்தில் அடிபட்டு இரத்தம் ஏற்றப்பட்டவர்கள் ஆகியோரில் சிலருக்கு அந்த இரத்தத்தோடு கிருமியும் சேர்ந்து போயிருக்கலாம். உயிரைக் காப்பாற்றிய இரத்தம்தான். அதை மறக்கக் கூடாது. ஆனாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இவை தவிர, சிறுநீரகக் கோளாறுக்கு டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் பச்சை குத்திக் கொண்டவர்கள், ஒரே சவரக் கத்தியில் பலரோடு முகச்சவரம் செய்துகொண்டவர்கள், போதை ஊசியைப் பகிர்ந்து கொள்ளும் வாலிபர்கள் ஆகியோருக்கும் வரலாம். 2022-ல் இந்தியாவில் 'சி' கிருமியுடன் 55 லட்சம் பேர் இருந்ததாகக் கணக்கு. உலக முழுவதும் பார்த்தால் இக்கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு 36 பேருக்குத்தான் தங்களுக்கு அது இருக்கிற செய்தியே தெரிந்திருந்தது.

தட்டை ஒதுக்க வேண்டுமா?

கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு மருமகள் கேட்பது போல இந்தப் பேச்சை எழுதியிருக்கிறோம். உங்கள் மனதிலும் இதே கேள்விகள் இருக்கலாம்.

"நர்ஸம்மா, எங்க அத்தைக்கு ரத்தத்துல 'சி' இருக்குன்னு சொல்லிட்டாங்க. அவங்க தட்டு, டம்ளர் எல்லாத்தையும் தனியா எடுத்து வச்சிட்டேன். புள்ளையையும் கிட்ட விடறதில்லை."

"ஏம்மா அப்படிச் செஞ்சே? சோத்துல பரவாது, தண்ணியில பரவாது. இருமல், தும்மல்ல பரவாது. பேரனை மடியில வச்சுக்கிட்டா, முத்தம் கொடுத்தா பரவாது. ரத்தம் ரத்தத்தோட சேர்ந்தாத்தான் பரவும். அவங்க பல் தேய்க்கிற பிரஷ், நகவெட்டி, பிளேடு இதுகளை மட்டும் வேற யாரும் எடுக்காதீங்க. காயம் பட்டா கட்டுப் போட்டு மூடுங்க. சிந்தின ரத்தத்தைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கிட்டு பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில துடைச்சா போதும். தட்டை மொதல்ல பழைய இடத்துலயே கொண்டு வை."

"மாமாவும் அத்தையும் நாப்பது வருஷமா ஒண்ணா இருக்காங்களே, மாமாவுக்கும் வந்திருக்குமா?"

"ஒருத்தனுக்கு ஒருத்தின்னு வாழற தம்பதிங்களுக்குள்ள இது பரவுறது ரொம்ப அபூர்வம். இனிமே பிரிச்சுப் படுக்க வைக்க வேண்டியதெல்லாம் இல்லை. இருந்தாலும் மாமாவும் அதே ஊசிக் காலத்து ஆளுதானே? ஒரு தடவை அவருக்கும் பாத்துடுங்க."

"அத்தை வயித்துல பொறந்தவருதானே எங்க வீட்டுக்காரரு..."

"தாய்கிட்டேருந்து புள்ளைக்கு வர்றது நூத்துல ஏறக்குறைய அஞ்சு பேருக்குத்தான். உன் வீட்டுக்காரருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிட்டா சந்தேகம் தீர்ந்துது."

இளம் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு 'சி' இருப்பது தெரிந்தால், முதலில் சிகிச்சையை முடித்துவிட்டுக் கருத்தரிப்பது நல்லது. கர்ப்ப காலத்தில் இந்த மருந்துகளை வழக்கமாகக் கொடுப்பதில்லை. தாய்ப்பாலால் இது பரவாது. முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்தி வைக்கவும்.

பரிசோதனையும் மருந்தும்

பரிசோதனை இரண்டு படியாக நடக்கிறது. முதல் பரிசோதனை, கிருமி என்றைக்காவது உடம்பில் நுழைந்ததா என்று சொல்லும். இரண்டாவது, அது இப்போதும் இரத்தத்தில் இருக்கிறதா என்று சொல்லும். முதலாவதில் 'இருக்கிறது' என்று வந்தவுடன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட வேண்டாம்; தானாகக் கிருமி போய்விட்டவர்களுக்கும் அப்படித்தான் காட்டும். இரண்டாவதைப் பார்த்துத்தான் மருந்து. ஈரலில் எவ்வளவு தழும்பு என்று அறிய ஸ்கேன் எடுப்பார்கள்.

முன்பெல்லாம் இதற்கு இன்டர்ஃபெரான் என்ற ஊசியை ஆறு மாதம், ஒரு வருஷம் என்று போட வேண்டியிருந்தது. காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு என்று படாத பாடு படுத்தும். அப்படியும் சுமார் பாதிப் பேருக்குத்தான் குணமானது. "வயசாயிடுச்சு, உடம்பு தாங்காது" என்று பெரியவர்கள் பலரை அந்தக் காலத்தில் திருப்பி அனுப்பியது அதனால்தான். அப்படித் திரும்பி வந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த இடத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்: அந்த நிலைமை இப்போது இல்லை. 2013-க்குப் பிறகு வந்த புது மாத்திரைகளுக்கு ஊசியின் தொல்லை கிடையாது. சோஃபோஸ்புவிர் என்ற மருந்தோடு டாக்லடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் சேர்த்து, பெரும்பாலோருக்கு 12 வாரம், தினம் ஒரு வேளை. தினசரி காலண்டரில் 84 தாள் கிழிவதற்குள் முடிந்துவிடும். ஈரல் மிகவும் பழுதானவர்களுக்கு இன்னொரு மருந்தையும் சேர்ப்பார்கள், அல்லது 24 வாரமாக நீட்டிப்பார்கள். நூற்றுக்கு 95 பேருக்குக் கிருமி அடியோடு போய்விடுகிறது. எழுபது வயதானாலும் எண்பது வயதானாலும் இதே பலன்தான்.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 2018 ஜூலை 28-ந் தேதி தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மாத்திரையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். நிலத்தை ஈடு வைக்க வேண்டியதில்லை.

ஒரு முக்கியமான விஷயம். பெரியவர்கள் ஏற்கனவே நாலைந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அவற்றில் சில இந்த மருந்தோடு ஒத்துப் போகாது. இருதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கும் அமியோடரோன், காச நோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமஸபைன் இவற்றைப் பற்றி டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சல் மாத்திரைகூடச் சிலருக்கு மருந்தின் பலனைக் குறைக்கும். பெயர் தெரியாவிட்டால் மாத்திரைப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கிருமி குறையும்போது சர்க்கரை அளவும் இறங்கக் கூடும். வழக்கமான மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். 'பி' கிருமியும் கூடவே இருந்தால் அது இந்தச் சமயத்தில் கிளம்பக் கூடுமாதலால் அதையும் முன்னதாகப் பார்ப்பார்கள்.

"இப்ப நல்லா இருக்கேன்" என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. அதில் கிருமி இல்லை என்று வந்தால்தான் குணம் என்று அர்த்தம். முதல் வகைப் பரிசோதனையை மறுபடியும் செய்து பார்த்துக் குழம்ப வேண்டாம். குணமானவருக்கும் அது ஆயுசுக்கும் 'இருக்கிறது' என்றே காட்டிக்கொண்டிருக்கும். குணமானவருக்குத் திரும்பவும் அசுத்த ஊசியால் கிருமி வரலாம் என்பதும் நினைவிருக்கட்டும். 'சி'க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

கீழாநெல்லி கொடுக்கலாமா என்று கேட்காத வீடு கிடையாது. தானாக இறங்கும் காமாலைக்கு எதைக் கொடுத்தாலும் இறங்கத்தான் செய்யும்; பெயர் கீழாநெல்லிக்குப் போகும். 'சி' கிருமியை அது போக்காது. அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் ஈரலுக்கு. இன்னதென்று தெரியாத சூரணங்களும் லேகியங்களும் பழுதான ஈரலை மேலும் கெடுத்துவிடுவதுண்டு.

ஈரல் ஏற்கனவே சுருங்கிவிட்டிருந்தால்

கிருமி போனபின் ஈரல் ஓரளவு தேறும். ஆனால் சிரோசிஸ் வரை போய்விட்டவர்கள், குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துப் புற்றுநோய்க் கட்டி உண்டா என்று பார்த்துவர வேண்டும். சிறியதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் வைத்தியம் செய்ய முடியும்.

வீட்டில் செய்யும் பெரிய பிசகு பத்தியம்தான். காமாலை என்றதும் முட்டையை நிறுத்தி, பருப்பை நிறுத்தி, வெறும் மோர்சாதமும் இளநீருமாகக் கொடுத்துப் பெரியவரை எலும்பும் தோலுமாக்கி விடுகிறோம். ஈரல் நோயாளிக்குச் சதை வற்றிப் போவதே பெரிய ஆபத்து. முட்டை, மீன், பருப்பு, பயறு, தயிர் எல்லாம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இராத்திரி நீண்ட நேரம் வெறும் வயிறாக விடாமல், படுக்கப் போகுமுன் ஒரு கிண்ணம் கஞ்சியோ இரண்டு இட்லியோ கொடுங்கள். குறைக்க வேண்டியது உப்பை. வயிற்றிலும் காலிலும் நீர் இருந்தால் ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம் நான்கையும் ஒதுக்கிவிட வேண்டும். காபி குடிக்கலாமா என்று கேட்கிறார்கள், தாராளமாகக் குடிக்கலாம். மது ஒரு சொட்டும் ஆகாது.

மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் "செட் மாத்திரை" வாங்கி விழுங்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதிலிருக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை சிரோசிஸ் உள்ளவருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்து, இரத்த வாந்திக்கும் வழி வைக்கும். வலி பொறுக்க முடியாவிட்டால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மேல் போகாமல், டாக்டரைக் கேட்டுக் கொடுக்கலாம்.

மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலம் தங்கினால் நச்சு மூளைக்கு ஏறும். பகலெல்லாம் தூங்கி இராத்திரியில் விழித்திருப்பது, பேச்சுக் குழறல், கை நடுக்கம், பேரன் பெயர் மறந்துபோவது இவையெல்லாம் "வயசான கோளாறு" அல்ல. ஈரல் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம். பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள். இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, நினைவு தப்புதல் இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

யாரிடம், எதைக் கேட்பது?

இந்த வாரமே, வேலை ஓய்ந்த ஒரு மாலை வேளையில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2001-க்கு முன்னால் எப்போதாவது இரத்தம் ஏற்றினார்களா, என்ன ஆபரேஷன், எந்த ஊர் ஆஸ்பத்திரி, பச்சை குத்தியது எங்கே என்று. மாமியாரிடம் பிரசவ விஷயத்தை மகன் கேட்டால் சொல்லமாட்டார். மருமகள் கேட்டால் சொல்லுவார். மாமனாரிடம் மகன் கேட்கட்டும். கேட்டதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போய், "'சி' பரிசோதனை செய்யவேண்டும்" என்று சொல்லுங்கள். அங்கே வசதி இல்லாவிட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சீட்டு எழுதித் தருவார்கள். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது மாத்திரைப் பையையும் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.